கடைசிச் சுற்றுக்கு ஒரு மூச்சு

விளையாட்டுப் படங்களுக்கு இசையமைப்பது என் தொழில். கொழும்பில் இதைச் சொன்னால் மரியாதையாகத் தலையாட்டுவார்கள். எங்கள் ஊர் இரத்தோட்டையில் சொன்னபோது, "ஓடுறதுக்கெல்லாம் எதுக்குங்க மியூசிக்கு, விசில் ஊதுனாப் பத்தாதா?" என்று சந்தியில் மீன் விற்பவர் கேட்டார். சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் நான் செய்த சில படங்களுக்கு விசிலே அதிகம் என்பது எனக்கும் தெரியும்.

கோயில் திருவிழாக்களிலும் கல்யாண வீடுகளிலும் கீபோர்ட் வாசித்துக்கொண்டிருந்தவன் நான். அப்படியொரு கல்யாண வீட்டில் என் வாசிப்பைக் கேட்ட சிங்கள இயக்குநர் ஒருவர், தன் படத்துக்குக் கூட்டிப் போனார். ஓட்டக்காரன் ஒருவனைப் பற்றிய படம். அது நன்றாகப் போனதால், அதன்பிறகு கரப்பந்து, குத்துச்சண்டை, சைக்கிள் என்று எது வந்தாலும் என் தலையில்தான் கட்டினார்கள். காதல் படத்துக்கு ஒருவரும் கூப்பிடவில்லை. நானே வெட்கத்தை விட்டு ஒரு முறை கேட்டும் பார்த்தேன். சிரித்துவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விட்டார்கள்.

இந்தப் படங்கள் எல்லாம் ஒரே கதைதான். ஏழைப் பிள்ளை, கோபக்காரப் பயிற்சியாளர், இடைவேளைக்கு முன் ஒரு தோல்வி, கடைசியில் வெற்றி. நிஜத்தில் ஒரு நிமிடத்தில் முடிகிற ஓட்டத்தை இழுத்து இழுத்து ஐந்து நிமிடமாக்கி என்னிடம் தருவார்கள். அவ்வளவு நேரமும் மேளத்தைப் போட்டு அடித்தால் பார்ப்பவனுக்குத் தலைவலிதான் வரும். அதனால் நான் ஒன்று செய்தேன். கடைசிச் சுற்றில், கோட்டைத் தொடுவதற்குச் சற்று முன்னால், எல்லா வாத்தியங்களையும் நிறுத்திவிடுவேன். ஓடுகிறவரின் மூச்சு மட்டும் கேட்கும். அந்த மௌனத்தைப் பத்திரிகைகளில் புகழ்ந்து எழுதினார்கள். மௌனம் என்னுடையதுதான். மூச்சு என் மனைவியுடையது.

படப்பிடிப்பில் பதிவாகும் மூச்சு எதற்கும் உதவாது. நடிகரின் பக்கத்திலேயே கேமரா வைத்த ஜீப் ஓடும், இயக்குநர் கத்திக்கொண்டே வருவார். பிறகு ஸ்டூடியோவில் நடிகரை நிறுத்தி மூச்சு வாங்கச் சொல்வார்கள். கதிரையில் இருந்து எழும்பி வந்தவன் மூச்சு வாங்கினால் பல்வலிக்காரன் முனகுவது மாதிரித்தான் இருக்கும். முதல் படத்தில் அதைக் கேட்டுவிட்டு நான் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தேன். என் மனைவி வந்து கொஞ்ச நேரம் கேட்டாள்.

"மூச்சு காலுலேருந்து வரணுங்க. இருங்க, ஓடிட்டு வர்றேன்" என்றாள்.

தேயிலைத் தோட்டத்துப் பாடசாலையில் அவள் விளையாட்டு டீச்சர். ஊரே அவளை டீச்சர் என்றது. கல்யாணமான புதிதில் நானும் கேலிக்கு அப்படிக் கூப்பிட்டேன். பிறகு எனக்கும் அதுவே பழகிவிட்டது.

எங்கள் வீட்டின் பின்னறைதான் என் ஸ்டூடியோ. அப்பா காலத்தில் மிளகு கட்டிவைத்த அறை. எதிரொலி வராமல் இருக்கச் சுவர் முழுக்கப் பழைய மிளகுச் சாக்குகளை அடித்திருந்தேன். பாட வருகிறவர்கள் இரண்டாவது வரியில் தும்முவார்கள். அவளுக்கு மட்டும் ஒன்றும் ஆகாது. வீட்டிலிருந்து மாரியம்மன் கோயில் மேட்டுக்கு ஏறி இறங்கி, வெறுங்காலோடு நேராக உள்ளே வந்து மைக்கின் முன்னால் நிற்பாள். மூச்சு தணிய ஆரம்பித்தால் வேலை கெட்டுவிடும். அதனால் நான் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பேன்.

முடிந்ததும் "போதுமா?" என்று கேட்பாள். "இன்னொன்னு" என்பேன். என்னை ஒரு முறை முறைத்துவிட்டு மறுபடி மேடேறுவாள். இரண்டாவது தடவைதான் எப்போதும் நன்றாக வரும், ஏனென்றால் அதில் என்மேல் உள்ள கோபமும் சேர்ந்திருக்கும். எத்தனையோ படங்கள் செய்தேன். ஒன்றில்கூட அவளுடைய முதல் தடவையை நான் ஏற்றுக்கொண்டதில்லை.

ஆண்களுக்கு என்றால் கம்ப்யூட்டரில் அந்த ஒலியைக் கொஞ்சம் தாழ்த்திப் போடுவேன். குத்துச்சண்டைக்காரனுக்கும் அவள்தான், சைக்கிள்காரனுக்கும் அவள்தான். எல்லாப் படத்திலும் முதலாவதாக வருவது தான்தான் என்று அவளுக்கு ஒரே பெருமை. பெயர் போடலாமா என்று கேட்டதற்கு, பாடசாலையில் சிரிப்பார்கள் என்று மறுத்துவிட்டாள். அதனால் கொழும்பிலும் ஒருவருக்கும் தெரியாது, ஊரிலும் தெரியாது.

பாடசாலையில் அவளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பெண்பிள்ளைகள் நன்றாக ஓடுவார்கள். ஆனால் கடைசியாக வந்துவிடுவோமோ என்ற பயத்தில் பாதிப் பேர் நடுவிலேயே நின்றுவிடுவார்கள். அதனால் இவள் அவர்களுக்கு முன்னால் ஓடமாட்டாள். கடைசிப் பிள்ளைக்கும் பின்னால் ஓடுவாள். "கடைசி நான்தான், நீங்க இல்ல. திரும்பிப் பாக்காம ஓடுங்க" என்பாள். திரும்பினால் திட்டு விழும். தேயிலைக்கு நடுவே இருந்த அந்தச் சின்ன மைதானத்தில், வருடா வருடம் வந்த பிள்ளைகள் அவளைப் பார்க்காமல், முதுகுக்குப் பின்னால் அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டே ஓடினார்கள்.

அப்புறம் இருமல் வந்தது. கராம்பு காயவைக்கிற காலம், தூசியாக இருக்கும் என்று கொத்தமல்லி அவித்துக் குடித்தோம். இருமல் போகவில்லை. மாத்தளையில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டுக் கண்டிக்கு அனுப்பினார்கள். நுரையீரல் மெல்ல மெல்லத் தடித்துக்கொண்டு போகிறது, பழையபடி ஆகாது, மருந்தால் கொஞ்ச காலம் பிடித்துவைக்கலாம் என்றார் டாக்டர். கொஞ்ச காலம் என்றால் எவ்வளவு என்று நான் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. பஸ்ஸில் வரும்போது, பிடித்துவைக்கலாம் என்று அவர் சொன்னதை மட்டும் அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். அதைப் பற்றிக்கொண்டுதான் அதற்குப் பிறகு இருந்தாள்.

ஊர் முழுக்க வந்து பார்த்தது. வந்தவர்கள் அவளிடம் பேசும்போது குரலைத் தாழ்த்தினார்கள். ஒருநாள் அவர்கள் போன பிறகு என்னிடம் சொன்னாள்:

"எல்லாரும் என்னப் பாவமாப் பாக்குறாங்க. நீங்க மட்டும் மாறிடாதீங்க. நீங்க மாறுனா நான் முடிஞ்சிட்டேன்னு எனக்குத் தெரிஞ்சிரும்."

சரி என்றேன். அவள் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். தேத்தண்ணீரில் சீனி கூடிவிட்டது என்று குறை சொன்னேன். சேலைக்கும் ரப்பர் செருப்புக்கும் பொருத்தமில்லை என்று கிண்டல் செய்தேன். அதைவிடக் கஷ்டமான வேலையை நான் எந்தப் படத்துக்கும் செய்ததில்லை.

அந்த நேரத்தில்தான் கடைசிப் படம் வந்தது. தோட்டத்துப் பெண் ஒருத்தி ஓடி ஜெயிக்கிற கதை. கொழும்பு நடிகைக்கு முகத்தில் கரியைப் பூசித் தேயிலைக்குள் ஓடவிட்டிருந்தார்கள். லயத்துப் பிள்ளைகள் அவ்வளவு அழுக்காக இருக்கமாட்டார்கள் என்று டீச்சர் கோபப்பட்டாள். ஆனாலும் கடைசிச் சுற்றைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்லிப் பார்த்தாள். பிறகு இந்தப் பிள்ளைக்குத் தான்தான் மூச்சுக் கொடுப்பேன் என்றாள். பழைய பதிவுகள் நிறைய இருக்கின்றன, அதில் ஒன்றை வைத்துக்கொள்ளலாம் என்றேன்.

"பழசு எதுக்கு? நான் இருக்கேன்ல" என்றாள்.

சாயந்தர நேரம், மழை விட்டிருந்தது. கோயில் மேட்டைப் பார்த்துத்தான் கிளம்பினாள். கேட் வரைக்கும்தான் போக முடிந்தது. கேட்டைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றாள், பிறகு திரும்பினாள். ஓடுகிற மாதிரிக் கைகளை வீசிக்கொண்டு நடந்து வந்தாள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே வந்து மைக்கின் முன்னால் நின்று மூச்சுவிட்டாள். ஒவ்வொரு மூச்சின் முடிவிலும், துருப்பிடித்த கேட் திறப்பது மாதிரி மெல்லிதாக ஒரு கிறீச்சொலி. ஹெட்ஃபோனில் அது என் காதுக்குள்ளேயே கேட்டது. நிறுத்து, நிறுத்து என்று மனதுக்குள் கத்திக்கொண்டிருந்தேன்.

"போதுமா?" என்று கேட்டாள்.

"போதும். நல்லா இருக்கு" என்றேன்.

அவள் முறைக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"முதல் தடவையே போதுமா?"

நான் வயரைச் சுற்றத் தொடங்கினேன். சுற்ற வேண்டிய அவசியமே இல்லை, ஆனாலும் சுற்றினேன். அவள் கதிரையில் உட்கார்ந்து, மூச்சு ஓரளவு தணியும் வரைக்கும் காத்திருந்தாள். பிறகு, "சரி. அப்ப போதும்" என்றாள்.

அடுத்த வாரம் பாடசாலைக்குப் போய்த் தன் விசிலைப் புது டீச்சரிடம் கொடுத்துவிட்டு வந்தாள். பிடித்துவைக்கலாம் என்று டாக்டர் சொன்னதை அதன்பிறகு அவள் சொல்லி நான் கேட்கவே இல்லை. மருந்தை நான் கொடுத்தால் குடித்தாள். படம் முடிவதற்குள் போய்விட்டாள்.

இன்னொன்று என்று சொல்லியிருந்தால் அவள் கேட்டுக்குப் பக்கத்திலேயே விழுந்திருப்பாள். சொல்லாமல் விட்டதால் அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. நல்லது என்று நினைத்துச் சொன்ன ஒரு சொல்லால் அவள் பிடித்திருந்த பிடியை நானே விடுவித்துவிட்டேன். என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. யாராவது சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

காரியம் முடிந்த பிறகு அந்தப் பதிவைக் கொழும்புக்கு அனுப்பினேன். ஒலி சேர்ப்பவர் போனில் கூப்பிட்டார். பல வருடம் என்னோடு வேலை செய்தவர், நல்ல மனிதர். மூச்சில் ஏதோ கிறீச்சென்ற இரைச்சல் இருக்கிறது, வயர் லூசாக இருக்கும், சுத்தம் செய்து பார்த்தேன், ஆனால் சுத்தம் செய்தால் மூச்சே செத்துப்போகிறது, வேறு அனுப்ப முடியுமா என்று கேட்டார். வயரில் ஒன்றுமில்லை, அப்படியே போடுங்கள் என்று கத்தினேன். இயக்குநர் போனை வாங்கினார். இந்த மூச்சைப் போட்டால் பெண் ஜெயிக்க மாட்டாள், செத்துவிடுவாள் என்று ஜனங்கள் நினைப்பார்கள் என்றார். அவர் சொன்னது சரி. தொழில் தெரிந்தவனுக்கு அது முதலிலேயே தெரிந்திருக்கும். அதனால்தான் எனக்குக் கோபம் இன்னும் கூடியது. போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு முதல் படத்துக்கு எடுத்த பதிவைத் தேடி எடுத்தேன். அன்றைக்கு ஓட்டக்காரனுக்காகத் தாழ்த்திப் போட்டது. இப்போது தாழ்த்தாமல், அவள் விட்ட மூச்சை விட்டபடியே அனுப்பினேன். இரண்டாவது தடவை எடுத்தது, கோபத்தோடு உள்ளது.

படம் மாத்தளைக்கு வந்தபோது பகல் காட்சிக்குப் போனேன். தோட்டத்துக் கதை என்று கேள்விப்பட்டு, இரத்தோட்டைப் பக்கத்திலிருந்து பெண்கள் பஸ்ஸில் வந்திருந்தார்கள். டீச்சரிடம் படித்தவர்கள், இப்போது கொழுந்து பறிப்பவர்கள், கடைகளில் நிற்பவர்கள், மடியில் பிள்ளையோடு சிலர். எனக்குப் பின் வரிசைகளில் உட்கார்ந்து கச்சான் கடலை தின்றுகொண்டு, நடிகையின் கரி பூசிய முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசிச் சுற்று வந்தது. நான் வாத்தியங்களை நிறுத்திய இடம் வந்தது. கொட்டகை முழுக்க அவள் மூச்சு மட்டும் கேட்டது.

கச்சான் உடைக்கிற சத்தம் நின்றது. எனக்கு நேர் பின்னால் இருந்த பெண், பக்கத்தில் இருந்தவளிடம் மெதுவாகச் சொன்னாள்:

"டீச்சர் பின்னால வர்றாங்க."

நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. மெல்லத் தலையைத் திருப்பினேன். அத்தனை பேரும் முதுகை நிமிர்த்தித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்ணீர் வழிந்த முகங்களும் இருந்தன. ஒருத்திகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நடிகை ஜெயித்தபோது மற்றவர்கள் கைதட்டினார்கள், இவர்கள் தட்டவில்லை.

வெளியே வரும்போது அந்தப் பெண், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். டீச்சர் நன்றாக இருந்த காலத்தில் எடுத்ததா என்று கேட்டாள். ஆமா என்றேன். அது நல்லது என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனாள்.

மறுநாள் காலை பின்னறைக்குப் போய், ஒருவரும் கேட்காத அந்தக் கடைசிப் பதிவைப் போட்டேன். கேட்டிலிருந்து வருகிற வெறுங்காலின் சத்தம், கிறீச்சென்ற மூச்சு, ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் வந்தது. பிறகு அவள் குரல், "போதுமா?" என்று கேட்டது. அதற்கடுத்து என் குரல் வரும். அது வருவதற்கு முன்னால் நிறுத்திவிட்டேன்.

"இன்னொன்னு" என்று சத்தமாகச் சொன்னேன். பிறகு எழுந்து போய்க் கதவைத் திறந்து, பிடித்துக்கொண்டு நின்றேன்.