வேப்பந்தட்டை ஆல்பத்துக்குள் நுழைந்த திருமானூர் மாமா

உங்கள் வீட்டுக் கல்யாண ஆல்பத்தில், போட்டோகிராபர் கண்ணிலேயே படாத ஒரு மாமா வாய் நிறைய பீடாவோடு சிரித்துக்கொண்டு நின்றால் என்ன நினைப்பீர்கள்? நான் பேய் என்றேன். அக்கா மவுஸ் பேடால் என் மண்டையில் ஒன்று வைத்தார்.

அக்கா கூடப் பிறந்தவர் இல்லை. பெரம்பலூரில் நான் வேலை பார்க்கும் ஸ்டுடியோவின் முதலாளி. படம் எடுப்பது, ஆல்பம் அடுக்குவது, என்னைத் திட்டுவது எல்லாம் அவர் டிபார்ட்மெண்ட். என் டிபார்ட்மெண்ட் வெப்சைட். அதை எழுதியவன் சென்னைக்குப் போய்விட, பி.இ. முடித்த கையோடு அவன் நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். கல்யாணம் முடிந்ததும் வீட்டுக்காரர்களுக்கு ஒரு லிங்க் போகும். லாகின் செய்து, ஆல்பத்துக்குப் பிடித்த படங்களை டிக் அடித்து அனுப்புவார்கள். வேப்பந்தட்டையில் நடந்த கல்யாணத்துக்குப் பெண்ணின் அம்மா அனுப்பிய டிக்குகளில்தான் அந்த மாமா வந்து நின்றார்.

"டேய் இன்ஜினியரு, இந்தாள நான் திருமானூர்ல எடுத்தேன்டா. அதே முகூர்த்தம். வேப்பந்தட்டைக்கு நம்ம பசங்கதான் போனாங்க. இவரு எப்புடிறா இங்க வந்தாரு?"

"அப்லோடு பண்றப்ப கலந்திருக்கும்க்கா."

"கலக்குறதுக்கு இது என்ன சாம்பார் சாதமா? போய்ப் பாரு."

பார்த்தேன். படம் ஒழுங்காகத் திருமானூர் ஆல்பத்தில்தான் இருந்தது. அப்படியென்றால் வேப்பந்தட்டை லாகின் அங்கே போய் டிக் அடித்திருக்கிறது. டெஸ்ட்டுக்கு வைத்திருந்த லாகினில் நுழைந்து, லிங்க்கின் கடைசியில் இருந்த ஆல்பம் நம்பரை ஒன்று கூட்டினேன். யாருடையதோ வளைகாப்பு திறந்தது. பதறி மூடினேன். போனுக்கும் சர்வருக்கும் நடுவே ஓடிப் படம் எடுத்துவந்து தருகிற ஏபிஐ, "லாகின் ஆயிட்டியா?" என்று மட்டும் கேட்கிறது. "இது உன் ஆல்பமா?" என்று கேட்கவே இல்லை. வாசலில் பன்னீர் தெளித்து உள்ளே விட்டுவிட்டு, மணப்பெண் அறைக் கதவையும் திறந்து போட்ட கதை.

அக்காவுக்கு முகம் விழுந்துவிட்டது. "லப்பைக்குடிக்காடு நிக்காஹ்?" என்றார்.

அந்தக் கல்யாணத்தின் பெண்கள் பக்கம் ஆண்கள் யாரும் போக முடியாது. அக்கா மட்டும் கேமராவோடு போவார். அந்த ஆல்பத்தை நான்கூடத் திறக்கக் கூடாது என்பது கடையின் சட்டம். படம் வெளியே போகாது என்ற ஒரு நம்பிக்கையில்தான் அந்த ஊர்ப் பெண்கள் அவரைக் கூப்பிடுகிறார்கள். அது போனால் அக்காவை இனி எந்த நிக்காஹ்வுக்கும் உள்ளே விட மாட்டார்கள்.

சைட்டை நிறுத்தினேன். எந்த லாகின் எந்த ஆல்பத்தைக் கேட்டது என்று சர்வர் தானாகவே குறித்து வைத்திருக்கும். அதை எடுத்து, கேட்டவரும் ஆல்பத்தின் சொந்தக்காரரும் ஒருவர்தானா என்று ஒப்பிட ஒரு சின்ன புரோகிராம் தட்டினேன். என் டெஸ்ட் லாகினை விட்டால் எல்லோரும் தங்கமான பிள்ளைகள். வேப்பந்தட்டை மட்டும் தன் நம்பரிலிருந்து ஒவ்வொன்றாக இறங்கி, திருமானூர் வரை நடந்து போயிருந்தது. வழியில் லப்பைக்குடிக்காடு.

அக்கா வேப்பந்தட்டை அம்மாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"ஆமா, மாத்தித்தான் பாத்தேன். வேற என்ன பண்ணச் சொல்றீங்க? எங்க நாத்தனா வூட்டுக்காரரு அன்னிக்கு அவரோட அண்ணன் மவன் கல்யாணத்துக்குத் திருமானூரு போயிட்டு, இங்க வந்து சேந்தப்ப பந்தியே முடிஞ்சிருச்சு. உங்க பசங்களும் மூட்டையக் கட்டிட்டாங்க. ஆல்பத்துல அவரு இல்லைன்னா நாத்தனா என்னைய உசுரோட விடுமா? அங்கயும் உங்க ஸ்டுடியோதான்னு அவரே சொன்னாரு. லிங்க்குல நம்பரு இருந்துச்சு, குறைச்சுக்கிட்டே போனேன். வந்துட்டாரு!"

"நடுவுல ஒரு நிக்காஹ் வந்துச்சாங்கம்மா?" என்றார் அக்கா.

"வந்துச்சே! அந்தப் பொண்ணு கையில மருதாணி, யம்மாடி! யாரு போட்டா?"

"வேற யாராச்சும் கூட இருந்தாங்களா?"

"அடுப்படியில நான் மட்டுந்தான். எங்க வூட்டுக்காரருகிட்ட போனக் குடுத்தா திரும்பி வருமா?"

போனை வைத்ததும் நான், "ஒரு பொம்பளதானே பாத்திருக்காங்க, சொல்லாம விட்டுறலாம்க்கா" என்றேன். அக்கா முறைத்தார். "அவங்க வூட்டுப் பொண்ணுடா. சொல்லித்தான் ஆகணும்."

நிக்காஹ் பெண்ணின் அம்மாவுக்குப் போன் போட்டு அக்கா நடந்ததைச் சொன்னார். "ஆம்பளைங்க பாத்தாங்களா?" என்றுதான் அவர் முதலில் கேட்டார். பதில் சொல்ல அக்கா போனை என் பக்கம் நீட்டினார்.

"ஒரே ஒரு லாகின்லதாங்கம்மா திறந்திருக்கு. பாத்த கண்ணு யாருதுன்னு சர்வருக்குத் தெரியாது. அவங்க தனியா பாத்ததா சொல்றாங்க."

"அந்தம்மாவ லைன்ல போடுங்க."

போட்டோம். ரிசல்ட் வரும் நாள் மாதிரி இரண்டு பேரும் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வேப்பந்தட்டை அம்மா, மகள் தாலி மேல் சத்தியம் செய்துவிட்டு, நாத்தனார் கதையை முதலிலிருந்து எடுத்துவிட்டார். அந்தப் பக்கம் ஏதோ சத்தம். அழுகை என்று நினைத்தேன். சிரிப்பு!

"யா அல்லாஹ், எனக்கும் ஒரு நாத்தனா இருக்கா. அத்தரு கொஞ்சமா தெளிச்சேன்னு இன்னமும் சொல்லிக் காட்டுறா!"

அதற்கு மேல் நாங்கள் தேவைப்படவில்லை. மருதாணி போட்டவரின் நம்பர்கூடக் கை மாறியது. கடைசியில் நிக்காஹ் அம்மா எங்கள் பக்கம் திரும்பினார். "அடைச்சாச்சுன்னு வாயால சொன்னா ஆகாது. நானே நோண்டிப் பாப்பேன். அப்புறந்தான் உங்களோட பேச்சு."

ஏபிஐயில் ஒவ்வொரு படத்துக்கும் ஆல்பம் யாருடையது என்று கேட்க வைத்துவிட்டு, சைட்டைத் திறந்து அவருக்குச் சொன்னேன். நம்பரை மாற்றி மாற்றிப் போட்டார். ஒவ்வொரு தடவையும் போன்.

"இது உங்க ஆல்பம் இல்லைங்குது!"

"சரிங்கம்மா."

"இதுவும் தொறக்கல! என் பொண்ணோடது மட்டுந்தான் வருது!"

கூப்பிடாமலே வேப்பந்தட்டை அம்மாவும் களத்தில் இறங்கி, ஒன்றும் திறக்கவில்லை என்று எங்களைத் திட்டினார். அக்கா சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து சரிந்தார். திருமானூர் வீட்டாரிடமும் நடந்ததைச் சொன்னோம். மாமாவைத் தாராளமாக எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். பீடாவோடு அவர் முறைப்படி ஆல்பத்தில் ஏறினார்.

நிக்காஹ் அம்மா கடைசியாகக் கூப்பிட்டது அக்காவை. "எந் தங்கச்சி மவளுக்கு நிக்காஹ் முடிவாயிருக்கு. பொம்பளைங்க பக்கம் நீதாம்மா வரணும்."

அக்கா இப்போது லப்பைக்குடிக்காட்டில் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார்.