ஆறு தாண்டினால் சாப்பாடு இல்லை

சனிக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்த கையோடு ஆரணியிலிருந்து கிளம்பினோம். எண்பதுகளின் தொடக்கம், தை மாதம். வெயில் இருந்தது, சுடவில்லை. எங்கள் ஊரில் அப்போது ஜீப் வைத்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். எல்லாமே பட்டாளத்தில் கழித்துப்போட்டு ஏலத்தில் விட்ட பழைய வண்டிகள். பம்ப்செட் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த என் வீட்டுக்காரர் தரணேந்திரன் அதில் ஒன்றை வாங்கிவந்து, ஒரு வருஷம் பிரித்துப் பிரித்துப் பூட்டினார். இன்ஜினுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்பதில்தான் அவருக்கு ஆசை. வண்டி எங்கே போகிறது என்பதில் எனக்கு ஆசை. ஆகவே ஓட்டுவது நான். கல்யாணத்துக்கு முன்பே அப்பாவின் டிராக்டரைச் சேற்று வயலில் ஓட்டிப் பழகியவள். எனக்கு ஜீப் ஒன்றும் பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

எங்கள் பக்கத்து ஜீப்காரர்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு கிளப் வைத்திருந்தார்கள். மாதம் ஒரு முறை, ரோடு இல்லாத இடமாகப் பார்த்துப் போய், கூடாரம் போட்டுத் தங்கி, மறுநாள் திரும்புவார்கள். ஆண்கள் மட்டும்தான். நாங்கள் குடும்பத்தோடு சேரக் கேட்டபோது, தலைவரான களம்பூர் ரைஸ் மில் முனிரத்தினம் சரி என்றார். ஆரணி பட்டு வியாபாரி கஜபதிதான் முறுக்கிக்கொண்டார். கடைத்தெருவில் அவர் சொன்னது என் காதுக்கு வந்தது.

"லேடீஸு, பசங்க எல்லாம் வந்துகினு இருந்தா இது கேம்ப்பா, கல்யாணமா? அதுலயும் இவங்க நயினாருங்க. விளக்கு வைக்கறதுக்குள்ள சாப்டுடணும்னு சொல்வாங்க. பேஜாரு."

நயினார் என்றால் எங்களைப் போன்ற தமிழ்ச் சமணர். கடைசியில், ஒரு தடவை வரட்டும், பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று பேசி முடித்தார்கள். அந்த ஒரு தடவைதான் இது. எனக்கு அந்தக் கிளப்பில் சேர்ந்தே ஆகவேண்டும் என்றிருந்தது. அவர்கள் சேர்த்துக்கொள்ளாவிட்டால் எங்கள் ஜீப்புக்கு ஆரணி கடைத்தெருவும் மாமியார் வீட்டு விசேஷங்களும்தான் கதி. எங்களால் யாருக்கும் ஒரு பேஜாரும் வரக்கூடாது என்று மனசுக்குள் சபதமே போட்டுக்கொண்டேன்.

களம்பூரில் நெல் லாரிகள் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றதில் கொஞ்சம் தாமதம். போளூரில் பஸ் நிலையத்துக்கு எதிரே எல்லோரும் ஒன்று கூடினோம். காபி அறுபது பைசா, தண்ணீராக இருந்தது. மூன்றாவது ஜீப்காரர் போளூர் டாக்டர், அதிகம் பேசாத மனிதர். என் பெண்கள் சாந்தாவும் மஞ்சுளாவும் வழிக்குக் கொண்டுவந்த கடலை உருண்டைகளை அங்கேயே காலி செய்துவிட்டார்கள். வேறு சாப்பாடு நாங்கள் எடுத்து வரவில்லை. சாப்பாடு கிளப் பொறுப்பு, யாரும் எதுவும் கட்டிக்கொண்டு வரக்கூடாது என்பது முனிரத்தினத்தின் கண்டிப்பு.

அவரே என்னிடம் வந்து விசாரித்தார். "சாப்பாட்டுல உங்களுக்கு ஏதாவது பாக்கணுமாம்மா?"

"வெங்காயம், பூண்டு வேணாங்க. அப்புறம் ஆறு தாண்டிட்டா நாங்க சாப்புட மாட்டோம்."

"அவ்ளோதானே? நான் பாத்துக்கறேன்." சமையல்காரரைக் கூப்பிட்டு ஏதோ சொல்லிவிட்டு, தன் ஜீப்பின் பின்னால் பாத்திரங்களை ஏற்றிய டிரெய்லரை மாட்டினார்.

அங்கிருந்து கலசப்பாக்கம் போகிற சாலையில் கொஞ்ச தூரம் போய், மேற்கே ஜவ்வாது மலை அடிவாரத்தைப் பார்த்துத் திரும்பினோம். அங்கே வழி இரண்டாகப் பிரிகிறது. நேர் மண் ரோட்டில் முனிரத்தினம் சாப்பாட்டு வண்டியோடு போனார். கஜபதி தலைமையில் நாங்கள் மூன்று ஜீப்பும் ஏரிக்கரை வழியாகக் கரடு ஏறி இறங்கவேண்டும். இரண்டு வழியும் மலையடிவாரத்து ஆற்றில் போய் முடியும். ஆற்றுக்கு அக்கரையில் கூடாரம் என்று ஏற்பாடு.

கரட்டுப் பாதையை நான் மறக்கவே மாட்டேன். பாதை என்று பெயர்தான். ஆடு மேய்ப்பவர்கள் நடந்த தடத்தில், தலை அளவு கற்கள். லோ கியரில் போட்டு, கிளட்ச்சிலிருந்து காலை எடுத்துவிட்டு, வண்டியை அதன் போக்கில் விட்டால் அழகாக ஏறுகிறது. வேகம் காட்டினால்தான் குதிக்கிறது. கஜபதி வேகம் காட்டினார். அவருடைய தொப்பி இரண்டு முறை பறந்தது. என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து, வழியைப் பார்க்காமல், சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வந்தார். "பத்மா, ரெண்டாவது சிலிண்டர் இப்ப நல்லா பேசுது" என்றார். அவருக்கு அதுதான் இயற்கைக் காட்சி.

ஐந்தே கால் மணிக்கு ஆறு கண்ணில் பட்டது. முழங்கால் அளவு தண்ணீர், தெளிவாக, சலசலவென்று. கஜபதி நிற்கவே இல்லை. நேராக இறங்கி அக்கரை ஏறிவிட்டார். டாக்டரும் நாங்களும் பின்னாலேயே போனோம். கூடாரத்தை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், நாங்கள் விட்டு வந்த கரையில், கொஞ்சம் கீழே, புளிய மரங்களுக்கு அடியில் புகை. டிரெய்லர் நிற்கிறது. ஜமக்காளம் விரித்திருக்கிறது. முனிரத்தினம் துண்டை ஆட்டுகிறார். வரவேற்கிறார் என்று நினைத்து நாங்களும் கையை ஆட்டினோம். அவர் இன்னும் வேகமாக ஆட்டினார். என் பெண்கள் குதித்துக் குதித்து ஆட்டினார்கள்.

கடைசியில் தண்ணீர் ஓரம் ஓடிவந்து கத்தினார். "இன்னாம்மா இது! ஆறு தாண்டிட்டீங்களே!"

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். "இல்லீங்க! இன்னும் அரை மணி இருக்குது!"

"தாண்டி அங்க நின்னுகினு, தாண்டலன்றீங்களே!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் சொன்னது மணி. அவர் புரிந்துகொண்டது தண்ணீர். ஆறு தாண்டினால் சாப்பிடாத ஒரு விரதம் எங்கள் சமயத்தில் இருக்கிறது என்று நம்பி, எங்களுக்காகவே அந்தக் கரையிலேயே அடுப்பு மூட்டி, இலை போட்டுக் காத்திருந்திருக்கிறார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரிக்க நேரமில்லை. பெண்களை வண்டியில் ஏற்றி, வந்த தடத்திலேயே திரும்ப இறக்கினேன். என் வீட்டுக்காரர் தடம் காட்ட முன்னால் தண்ணீரில் நடந்தார். இக்கரை ஏறியதும் கரையோரமாகவே ஓட்டிப் புளிய மரத்தடிக்கு வந்தோம். முனிரத்தினம் தலையில் கைவைத்துக்கொண்டு நின்றார்.

"மணியா? மணின்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதாம்மா?"

"தண்ணியான்னு நீங்க ஒரு வார்த்தை கேக்கக்கூடாதாங்க?"

பெண்களும் என் வீட்டுக்காரரும் முதலில் உட்கார்ந்தார்கள். சாம்பார் சாதமும் கத்திரிக்காய் பொரியலும். காலையில் ரெண்டு இட்லி, மதியம் கிளம்புகிற அவசரத்தில் ஒரு பிடி சோறு. எனக்கு நல்ல பசி. கை கழுவிக்கொண்டு வரும்போது ஆற்றிலிருந்து ஹாரன் சத்தம் கேட்டது.

கஜபதி. எங்களைப் பார்த்துத் தானும் சாப்பிடக் கிளம்பியவர், சுற்றிவர மனசில்லாமல், எங்களுக்கு நேர் எதிரே இறங்கியிருக்கிறார். அங்கே அடியில் வெறும் மணல். நடு ஆற்றில் வண்டி நின்றது. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கச் சக்கரம் தோண்டிக்கொண்டே போனது. இன்ஜினில் தண்ணீர் போய் அதுவும் அடங்கிவிட்டது. டாக்டரின் ஜீப் நின்ற அக்கரையில் செங்குத்தான மணல்; இறங்கினால் அதுவும் மாட்டும், தடம் வழியாகச் சுற்றி வருவதற்குள் கஜபதி வண்டி இன்னும் இறங்கிவிடும். முனிரத்தினத்தின் வண்டியில் டிரெய்லர் பூட்டியிருந்தது, அதன்மேல் கொதிக்கிற சாம்பார் அண்டா. பாறைத்தரையில், மூக்கைத் திருப்பினால் போதும் என்ற நிலையில் நின்றது என் ஜீப் ஒன்றுதான்.

மணி ஆறுக்குப் பத்து நிமிஷம். எனக்குக் கோபம்தான் வந்தது, பொய் சொல்வானேன். எந்த மனிதர் எங்களைப் பேஜார் என்றாரோ அவரே என் சாப்பாட்டு நேரத்தில் போய் ஆற்றில் உட்கார்ந்திருக்கிறார். முனிரத்தினம், "நீ சாப்டும்மா, அவன் கெடக்கட்டும்" என்றார். ஆனால் வண்டி தன் கனத்தில் இறங்கிக்கொண்டே போவது கண்ணுக்குத் தெரிந்தது. இருட்டினால் மணலுக்குள் முழுசாகப் புதைந்துவிடும். இலையை எடுத்துவிடச் சொல்லிவிட்டு வண்டியில் ஏறினேன்.

என் வீட்டுக்காரர் சாப்பாட்டை முடித்துவிட்டுத் தண்ணீரில் இறங்கி, கஜபதி வண்டியின் கொக்கியில் சங்கிலியை மாட்டினார். நான் லோ கியரில் போட்டு மெள்ள மெள்ள இழுத்தேன். முதல் இழுப்பில் அசையவில்லை. சமையல்காரர் உட்பட எல்லோரும் தண்ணீரில் இறங்கிச் சக்கரத்தடியில் புளியங்கிளைகளை வெட்டிப் போட்டார்கள். மூன்றாம் இழுப்பில், சேற்றிலிருந்து எருமை எழுவதுபோல் வண்டி பிடுங்கிக்கொண்டு வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறரை.

முனிரத்தினம் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார். "இப்ப ரெண்டு ஆறும் தாண்டிப்போச்சேம்மா."

அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கஜபதி சொட்டச் சொட்ட நின்றார். நடந்ததை யாரோ அவருக்கு விளக்கினார்கள். "தண்ணியாவது குடிக்கலாமில்ல?" என்றார். அதுவும் இல்லை என்றேன். தலையைத் துவட்டிக்கொண்டே போய்விட்டார்.

கஜபதியின் இன்ஜினை என் வீட்டுக்காரர் உலர்த்திக் கிளப்பியதும், எல்லோரும் பழைய தடத்திலேயே மறுபடி அக்கரை போனோம். கூடாரத்தில் பெண்கள் படுத்ததும் தூங்கிவிட்டார்கள். எனக்குப் பசியில் தூக்கம் பிடிக்கவில்லை. வெளியே பேச்சும் சிரிப்பும் கேட்டன. கஜபதியின் குரல் மட்டும் கேட்கவில்லை. இனி நம்மைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் என்று ஒருமுறை தோன்றியது. அழுகை கூட வந்தது. அப்புறம், சங்கிலி விறைத்து வண்டி நகர்ந்த அந்த ஒரு நொடி நினைவுக்கு வந்தது. சேர்த்துக்கொள்ளாவிட்டால் நானே ஒரு கிளப் ஆரம்பிக்கிறேன் என்று திரும்பிப் படுத்தேன்.

ஞாயிறு காலை ஒரே பனி. பத்தடி தள்ளியிருந்த ஜீப்பே தெரியவில்லை. கூடாரத்தை விலக்கினால், வாசலில் கஜபதி ஒரு தட்டில் பொங்கலோடு நிற்கிறார்.

"பொழுது வந்துடுச்சும்மா. சாப்புடு."

"எங்கங்க வந்துச்சு?"

அவர் கிழக்கே பார்த்தார். வெள்ளையாக இருந்தது. "வந்திருக்கும். பனியில தெரியல."

"பொழுது வந்து ரெண்டு நாழிகை, முக்கால் மணியாவது ஆகணுங்க."

வேறு ஒருவராக இருந்தால் முகத்தைச் சுளித்திருப்பார். கஜபதி தட்டின்மேல் ஒரு தட்டைக் கவிழ்த்து மூடி, கல்லின்மேல் உட்கார்ந்து, தன் கடிகாரத்தைக் கழற்றி எதிரில் வைத்துக்கொண்டார். டாக்டர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். முனிரத்தினம் கரண்டியோடு வந்தார். நேரம் ஆனதும் முதல் தட்டு எனக்கு வந்தது. பொங்கல் ஆறிப்போயிருந்தது. அவ்வளவு ருசியான பொங்கலை நான் அப்புறம் சாப்பிட்டதில்லை.

மதியம் வரை அடிவாரத்தில் சுற்றிவிட்டுத் திரும்பினோம். ஆற்றைக் கடக்கும்போது கஜபதி தன் வண்டியை ஓரம் கட்டி என்னை முதலில் விட்டார். நல்ல ரோடு வந்ததும் வண்டி சும்மா மிதந்தது. இரண்டு நாள் கல்லில் குலுங்கிய உடம்புக்கு அந்த வழுவழுப்பு சப்பென்றிருந்தது.

போளூரில் பிரியும் இடம். டாக்டர் கையசைத்துவிட்டுப் போனார். கிளப் விஷயத்தை யாராவது பேச்செடுப்பார்களா என்று நானும் என் வீட்டுக்காரரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். யாரும் எடுக்கவில்லை. முனிரத்தினம் டிரெய்லர் கொக்கியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். நான் ஸ்டார்ட் செய்துவிட்டேன். அப்போது கஜபதி தன் ஜீப்பை என் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தி, எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, அடுத்த மாசம் சாப்பாடு எத்தினி மணிக்கு?"

"அஞ்சரைக்குங்க."

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்தான்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.