விதைக்காய் மூட்டை

பிற்பகல் மூன்று பத்துக்கு என் மகள் கொல்லைப்பக்கம் ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். வேலை எதுவும் இல்லாமல் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அதனால் நேரம் நினைவில் நின்றுவிட்டது. எழுபதுகளின் கடைசியில் ஒரு மே மாதம். அவளுக்கு எட்டு வயது.

வாந்தியில் வேர்க்கடலை இருந்தது.

அந்தக் கடலை எங்களுடையது அல்ல. கீழ்பென்னாத்தூரில் பயிர் வைத்திருந்த என் கணவரின் அண்ணன், ஆடியில் விதைப்பதற்கான விதைக்காயை ஒரு மூட்டையாகக் கட்டி எங்கள் வீட்டில் இறக்கியிருந்தார். அவர் வீட்டில் எலித்தொல்லை. திருவண்ணாமலையில் நாங்கள் இருந்தது ஓர் அறையும் சமையல்கட்டும் உள்ள வாடகை வீடு. மூட்டை கட்டிலுக்குப் பக்கத்தில் சுவரோரம் நின்றது. இறக்கிய அன்றே என் கணவர் எங்கள் இருவரையும் நிற்கவைத்துச் சொன்னார்.

"வெதைக்கு மருந்து போட்டிருக்கு. யாரும் வாயில வெச்சுடாதீங்க. அப்புறம் ஆஸ்பத்திரிதான்."

அவர் வேலூர் பஸ்ஸில் கண்டக்டர். விடியுமுன் போய்விடுவார். மத்தியானச் சோறு முடிந்ததும் நானும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்திருப்போம். வெயிலில் வெளியே தலைகாட்ட முடியாது. பசி இருக்காது, ஆனால் வாய் சும்மா இருக்காது. மாதம் முழுக்க வரவேண்டிய பொட்டுக்கடலையும் வெல்லமும் பாதி மாதத்திலேயே தீர்ந்துவிடும். மறுபடி வாங்க வழியிருக்காது. டப்பாவைப் பரணில் ஏற்றிப் பார்த்தேன். ஸ்டூல் போட்டு இறக்கியதும் நான்தான். தண்ணீர் குடித்துப் பார்த்தோம், படுத்துப் பார்த்தோம். பழைய சோறு கொடுத்தாலும் இறங்கும் என்றால் அது பசி. முறுக்கு மட்டும்தான் வேண்டும் என்றால் வெறும் சலிப்பு. இப்போது இப்படிப் பிரித்துப் பார்த்துத்தான் கையை அடக்குகிறேன். அன்றைக்கு அது எனக்குத் தெரியாது.

கட்டிலுக்கு அடியில் கடலைத்தோல் குவிந்து கிடந்தது. நான் பாத்திரம் தேய்க்கப் போன நேரத்தில் தின்றிருக்கிறாள். பக்கத்து வீட்டு அக்கா என் சத்தம் கேட்டு வந்து, உப்பைத் தண்ணீரில் கரைத்துப் பிள்ளையின் வாயில் ஊற்றினார். மறுபடி வாந்தி.

"மருந்து மூட்டைய கொழந்த படுக்கற எடத்துல வெப்பாங்களா? வூடா இது, உரக்கடையா?" என்றார். தன் வீட்டுக்காரரை பஸ் ஸ்டாண்டுக்கு விரட்டினார். "வேலூர் வண்டி வந்ததும் அவர அப்படியே டாக்டர் வூட்டுக்கு இட்டுனு வா."

ரிக்‌ஷாவில் மகளை மடியில் போட்டுக்கொண்டு நானும் அக்காவும் போனோம். டாக்டர் அவளுடைய கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். நாடி பிடித்தார்.

"என்ன மருந்தும்மா?"

"தெரியாதுங்க. தோல் மேல வெளுப்பா தூசி மாதிரி இருந்துச்சு."

"பேரு யாருக்குத் தெரியும்?"

"வூட்டுக்காரருக்குத்தான். வேலூர் போயிருக்காரு."

"பேரு தெரியாம எதுக்குன்னு நான் வைத்தியம் பாக்கறது?" என்றவர் பிள்ளையின் பக்கம் குனிந்தார். "ஏன் கண்ணு, மருந்துன்னு தெரிஞ்சும் ஏன் தின்ன?"

"அம்மா தெனமும் தின்னாங்க. ஒண்ணும் ஆவல."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். மகள் தூங்கிவிட்டாள் என்று நினைத்துத்தான் மூட்டையில் கையை விடுவேன். மருந்து தோலின் மேல்தானே இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, தோலை விரலால் உடைத்து, பருப்பைப் புடவைத் தலைப்பில் துடைத்துத் தின்பேன். தோலை அடுப்பில் போட்டுவிடுவேன். ஒரு கைப்பிடியோடு நிறுத்த வேண்டும் என்றுதான் ஒவ்வொரு நாளும் நினைப்பேன்.

"தெனமுமா?" என்றார் டாக்டர்.

"தெனமும்தாங்க."

என் கண்ணிலும் டார்ச் அடித்தார். "தலை சுத்துதா? வயித்து வலி?"

"ஒண்ணும் இல்லீங்க."

"நல்லா இருக்குது ஆயியும் பொண்ணும் பண்ண கூத்து," என்றார் அக்கா.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் அவளுக்கும் ஒன்றும் ஆகாது. அந்த எண்ணத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு மூச்சு விட்டேன். அதற்குள் டாக்டர் மகளிடம் அடுத்ததைக் கேட்டார்.

"நீ எப்படிம்மா ஒடச்ச? அம்மா மாதிரி கையாலயா?"

"கையால ஒடக்க வரல. பல்லால."

தோலோடு வாய்க்குள் போயிருக்கிறது. டாக்டர் மறுபடி அவள் நாடியைப் பிடித்தார். "தூங்கவுடாதீங்க. பேச்சு குடுத்துனே இருங்க," என்று மட்டும் சொன்னார்.

வேலூர் வண்டி ஐந்தரைக்கு வரும். அதுவரை அவளை உலுக்கிக்கொண்டே இருந்தேன். ஏழாம் வாய்ப்பாடு சொல்லச் சொன்னேன். பாதியில் கண் செருகியது. உப்புத் தண்ணீர் குடித்துக் குடித்து வாந்தி எடுத்த களைப்பா, வேறு ஏதாவதா, எனக்குத் தெரியவில்லை. "தூக்கம் வருதும்மா," என்றாள். கன்னத்தில் தட்டினேன். அழுதாள். அழுவது நல்லது என்று தோன்றி, இன்னும் கொஞ்சம் பலமாகத் தட்டினேன். மூச்சு வருகிறதா என்று அவள் மார்பின் மேல் கையை வைத்தபடியே இருந்தேன்.

ஐந்தரை தாண்டியது. வண்டி வழியில் நின்றுபோயிருக்குமோ என்று அக்கா வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தார். வீதியில் யாரோ ஓடிவரும் செருப்புச் சத்தம் கேட்டது. காக்கிச் சட்டையும் தோளில் டிக்கெட் பையுமாக என் கணவர் உள்ளே வந்தார். மூச்சு வாங்கியது.

"என்ன மருந்துய்யா போட்ட? பேரச் சொல்லு," என்றார் டாக்டர்.

கணவர் மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"மருந்தே இல்லீங்க. எங்கண்ணன் ஒண்ணும் போடல, அது வெறும் வயக்காட்டு மண்ணுங்க. இவங்க ரெண்டு பேரும் வெதைய தின்னு தீத்துடுவாங்கன்னு நான் சும்மா சொன்னதுங்க."