போல்ட்டில் ஒட்டிய சந்தனம்

அன்று எனக்கு வந்த கோபத்தை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

என் மகள் கல்லூரிச் செய்முறைத் தேர்வுக்காக, ராணுவ டாங்கி போல பெல்ட்டில் ஊரும் ரோபோ ஒன்று செய்திருந்தாள். ஆயுத பூஜையன்று அதற்குச் சந்தனம் வைத்தேன். பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் சின்னச் சக்கரம் ஸ்பிரிங்கில் ஆடியது. மாவு மில்லில் தொய்ந்த பெல்ட்டை இறுக்கியே பழகிய கை என்னுடையது. பூஜையில் சந்தனம் பூசி வைத்த ஸ்பானரையே எடுத்து, சக்கரம் அசையாதபடி போல்ட்டை முடுக்கிவிட்டேன். அவளிடம் சொல்லவில்லை.

தேர்வில் ஜல்லிமேல் ஏறியதும் பெல்ட் அறுந்தது. அழுதுகொண்டு வந்தவளைக் கூட்டிக்கொண்டு, ரோபோவோடு பெல்ட் விற்ற கடைக்குப் போனேன்.

"இதெல்லாம் ஒரு சரக்காய்யா? எம்பொண்ணு பரீட்சையில மண்ணை அள்ளிப் போட்டுட்டியே! ரெங்கநாதர் உன்னைச் சும்மா விடமாட்டாரு!"

தெருவே கூடிவிட்டது. கடைக்காரர் நிதானமாக ரோபோவைத் திருப்பிப் பார்த்தார்.

"பெல்ட் நல்ல பெல்ட்டுங்க. கல்லு மாட்டினா சக்கரம் விட்டுக்கொடுக்கணும். யாரோ அசையவிடாம முடுக்கியிருக்காங்க."

"எவன்யா முடுக்குனது?" என்று எகிறினேன். எகிறும்போதே பூஜையில் எடுத்த ஸ்பானர் நினைவுக்கு வந்தது.

மகள் குறுக்கே வந்தாள். "நான்தாங்க முடுக்கினேன். அப்பா, வாங்க போலாம்."

பஸ்ஸில் காவிரிப் பாலம் தாண்டியபோதுதான் கேட்டேன். "ஏம்மா பொய் சொன்னே?"

"போல்ட்டு மேல சந்தனம் இருந்துச்சுப்பா."

மறுநாள் கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லைங்க" என்றார். மகளுக்கு அந்தத் தேர்வு போனது போனதுதான். சந்நிதியில் நிற்கும்போதெல்லாம் என்மேல்தான் எனக்குக் கோபம் வருகிறது. அதைத் தணிக்கச் சொல்லிப் பெருமாளிடம் நான் கேட்பதில்லை.