அண்ணனும் அண்ணியோட உழாத வயலும்

எங்க அண்ணனுக்கு ஒரு இடத்துல உட்காரவே வராது. சாப்பிடும்போதே ஒரு கால் வாசல்ல இருக்கும். ஊர்ல யாருக்கு உழவு ஓட்டணும்னாலும் அவரோட டிராக்டர்தான். வேலை இல்லாத நாள்ல வண்டியைத் துடைப்பார், துடைச்சதையே மறுபடியும் துடைப்பார். எதிர்வீட்டுல இருக்கற எனக்கே தலை சுத்தும்னா, கட்டிக்கிட்ட அண்ணி பாடு என்னன்னு பார்த்துக்கோங்க.

அண்ணி நேர் எதிர். வீடே தீப்பிடிச்சாலும் அடுப்பை அணைச்சுட்டுத்தான் வெளிய வருவாங்க. அதுவும் எனக்கு எரிச்சல்தான், ஆனா சண்டை போட முடியாது.

வீட்டுக்குப் பின்னாடி அவங்க வயல். வருஷா வருஷம் ஆழமா உழுது உழுது மேல் மண்ணு மாவாப் போச்சு, அடி மண்ணு பாறையா இறுகிப் போச்சு. மழை பெஞ்சா தண்ணி உள்ள இறங்காம, மண்ணையும் கூட்டிக்கிட்டு ரோட்டுக்கு ஓடும். ஒரு நாள் அண்ணி சொல்லிட்டாங்க, "இனிமே இந்த வயல்ல உங்க வண்டி இறங்கக் கூடாது."

அண்ணன் குதிகுதின்னு குதிச்சார். "உழவு ஓட்டறவன் வயலே உழாமக் கிடந்தா, எவன் என்னை வேலைக்குக் கூப்பிடுவான்? ஊரே வாயால சிரிக்காது!"

அதுவும் நியாயம்தானே? கடைசியில ரெண்டு பேரும் ஒரு பேச்சுக்கு வந்தாங்க. மூணு விளைச்சல் அண்ணி இஷ்டம். மூணாவது விளைச்சல் பழைய விளைச்சலைத் தாண்டலேன்னா வண்டி இறங்கும். பேச்சு மாறக் கூடாது.

அண்ணிகிட்ட இருந்தது நாலு பல்லு வச்ச இரும்புக் கவை, அவ்வளவுதான். மண்ணுல குத்தி, லேசாப் பின்னாடி சாய்ச்சு, தளர்த்திட்டு உருவிடுவாங்க. புரட்டவே மாட்டாங்க. மேல காஞ்ச சோளத்தட்டையும் இலையும் போட்டு மூடிடுவாங்க. தெருவுல அதுக்குக் 'குப்பைக்காடு'ன்னு பேரு வச்சாங்க. முதல் விளைச்சல் சொல்லிக்கற மாதிரி இல்ல. ரெண்டாவது பரவாயில்ல. மூணாவதுக்கு விதைக்கறதுக்கு முன்னாடி அண்ணி என் கையைப் பிடிச்சு மண்ணுக்குள்ள விட்டாங்க. வளையல் வரைக்கும் போச்சு! வெளிய எடுத்தா விரல்ல மண்புழு நெளியுது. நான் போட்ட கத்தல்ல அண்ணி வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க. அவங்க அப்படிச் சிரிச்சு நான் பார்த்ததே இல்ல.

அந்த நேரம் பார்த்து வெளியூர்ல இருக்கற அவங்க மகளுக்குப் பிரசவம். கிளம்பும்போது, "நான் வர்ற வரைக்கும் வயல்ல உழாதீங்க"ன்னாங்க. "உன் தலைமேல சத்தியம், உழ மாட்டேன்"ன்னார் அண்ணன்.

அவங்க போனதும் மழை பிடிச்சுக்கிச்சு. யாரும் உழவுக்குக் கூப்பிடல. அண்ணன் வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தே தரையைத் தேய்ச்சார். மழை விட்டது, ஈரம் கூடக் காயல. நான் துணி உலர்த்திக்கிட்டு இருக்கேன், டிரெய்லர் நிறைய எருவை ஏத்திக்கிட்டு வண்டி நேரா அண்ணி வயலுக்குள்ள போகுது!

"அண்ணே, என்ன பண்றீங்க? நிறுத்துங்க!"

"உழலையே! எருதானே கொட்டறேன். அவ வந்து பார்த்தா பூரிச்சுப் போயிடுவா, பாரு."

நடு வயல்ல சக்கரம் புதைஞ்சுது. உறுமி, சேத்தை வாரியடிச்சு, எப்படியோ வெளிய வந்துட்டார். இந்த வரப்புல இருந்து அந்த வரப்பு வரைக்கும் வாய்க்கால் வெட்டின மாதிரி ரெண்டு தடம்.

அண்ணி ஊர்ல இருந்து வந்தவங்க பையைக் கூடக் கீழ வைக்காம வயல்ல போய் நின்னாங்க. அப்புறம் தடம் காயற வரைக்கும் ரெண்டு நாள் பொறுத்துப் பார்த்துக் கவையைக் குத்தினாங்க. ணங்குன்னு திரும்பி வந்துச்சு.

"உழுதிருந்தாக் கூட மனசு ஆறியிருக்கும். ஈர மண்ணுல பாரம் ஏத்தினா இறுகிடும்னு ஊருக்கெல்லாம் சொல்ற ஆளு நீங்க. உங்களுக்கா தெரியாது?"

அண்ணனுக்கு முகம் செத்துப் போச்சு. "ஆழமா ஒரே ஒரு கீறு கீறி விட்டுடட்டுமா?"

"போதும். நீங்க பண்ணின உதவி போதும்."

மூணாவதா விதைச்ச சோளம் மத்த இடத்துல எல்லாம் ஆள் உயரம் வளர்ந்துச்சு. தடம் போன இடத்துல மட்டும் பயிர் மஞ்சளாப் போய், முழங்கால் உயரத்துலயே நின்னுபோச்சு. அண்ணன் விடிஞ்சதும் ஓடிப் போய் அதையே பார்ப்பார், மத்தியானம் பார்ப்பார், சாயங்காலமும் பார்ப்பார். பார்த்தா வளர்ந்துடுமா? எனக்கு வந்த கோபத்துக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அவர் முகத்தைப் பார்த்துட்டுத் திரும்பி வந்துடுவேன்.

அறுவடை முடிஞ்சு அளந்தாங்க. பழைய விளைச்சலுக்குக் கொஞ்சம்தான் கம்மி.

"அந்தத் தடம் இல்லேன்னா தாராளமாத் தாண்டியிருக்கும். இதெல்லாம் கணக்கா அண்ணி?"ன்னேன்.

"பேச்சுன்னா பேச்சு." அண்ணி உள்ள போய் வண்டிச் சாவியை எடுத்துட்டு வந்து அண்ணன் கையில வச்சாங்க. "இறக்குங்க."

அண்ணன் கிளம்பினார். கலப்பையை மாட்டற சத்தம் கேட்டுச்சு, இஞ்சின் சத்தம் கேட்டுச்சு. அண்ணி சமையல்கட்டுக்குள்ள போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கழுவின பாத்திரத்தையே கழுவினாங்க. எனக்கு இருப்புக் கொள்ளல. வண்டி வயலோரம் வரைக்கும் போச்சு. அங்கேயே நின்னு உறுமுது, உறுமுது. முன்னாடியும் போகல, பின்னாடியும் வரல. தெருவே எட்டிப் பார்த்துச்சு. அப்புறம் சத்தம் நின்னுடுச்சு.

அண்ணன் நடந்து வந்து சமையல்கட்டு வாசல்ல நின்னார். "வண்டி ஸ்டார்ட் ஆகல."

அடப்பாவி மனுஷா! எனக்கு வாய் வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன்.

அண்ணி குழாயை மூடினாங்க. "நாளைக்கு அடுத்த தெருவுல உழவு இருக்கே?"

"அங்கெல்லாம் ஓடும். இந்த வயலுக்கு வந்தாத்தான் நின்னுடுது."

"எப்ப சரியாகும்?"

"இது சரியாகாதும்மா. நான் இருக்கற வரைக்கும் ஆகாது."

அண்ணி ஈரக் கையாலயே முகத்தை மூடிக்கிட்டு அழ ஆரம்பிச்சாங்க.