ஏரிக்கரையில் நான் பார்த்தேனா?

எழுத ஆரம்பித்த நாளிலிருந்து வாசகர்கள் என்னிடம் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "இது நிஜமா நடந்ததா?" எல்லாம் கற்பனை என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவேன். ஒரு கதையைப் பற்றிக் கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவேன்.

அந்தக் கதையை எழுதியபோது மேனாம்பேட்டில் வாடகை வீட்டில் இருந்தோம். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் எனக்கு ஸ்டோர்ஸ் கிளார்க் வேலை. ஏரிக்கரை வழியாகச் சைக்கிளில் போய் வருவேன். பக்கத்து வீட்டுக்காரர் வேறொரு கம்பெனியில் லேத் ஓட்டினார். என்னைவிட நாலைந்து வயது சிறியவர். பத்திரிகையில் என் பெயர் வந்தால் தெருவுக்கே காட்டுகிற மனிதர்.

கதை சின்னதுதான். வேலை போன ஒருவன் வீட்டில் அதைச் சொல்லவில்லை. தினமும் டிபன் பாக்ஸோடு கிளம்பி, ஆவடி ஸ்டேஷன் பெஞ்சில் பொழுதைக் கழித்துவிட்டுச் சாயங்காலம் திரும்புகிறான். ஒரு வாரப் பத்திரிகையில் வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பக்கத்து வீட்டுக்காரர் பத்திரிகையைச் சுருட்டிப் பிடித்தபடி வாசலில் வந்து நின்றார். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை.

"யாரு சொன்னா அண்ணாத்தே உனக்கு?"

"எதை?"

"எனக்கு வேலை பூட்ச்சுன்னு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவருக்கு வேலை போனதே அந்த நிமிடம்தான் எனக்குத் தெரியும். சொன்னேன். அவர் உதட்டைப் பிதுக்கினார்.

"ஏரிக்கரையில குந்திகினு இருந்தத ஸ்டேஷன்னு மாத்திட்டா எனுக்குத் தெரியாதா? நீ அந்தப் பக்கந்தானே டெய்லி போற? பின்னாடியே வந்து பாத்துக்கீறே, இல்ல?"

"சத்தியமா இல்லப்பா. நானா யோசிச்சு எழுதினது."

"சரி, ஊட்டுல மட்டும் சொல்லிடாத" என்று சொல்லிவிட்டுப் போனார். போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் மரியாதை துளியும் இல்லை.

கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி, "நிஜமாவே பாக்கலையா?" என்றாள். அவளுமா என்று எரிச்சல் வந்தது.

இரண்டு நாள் கழித்து அவருடைய மனைவி வந்தார். கையில் அதே பத்திரிகை. தெருவில் அது வீடு வீடாகச் சுற்றிக்கொண்டிருந்தது. என்ன கேட்பார், என்ன சொல்லிச் சமாளிப்பது என்று மனசுக்குள் தயார் செய்துகொண்டிருந்தேன். அவர் எதுவும் கேட்கவில்லை.

"எனுக்கு மூணு மாசமாத் தெரியும் சார். துணி தோய்க்கிறவ நான்தானே? சட்டையில ஆயில் நாத்தமே இல்ல, இரும்புப் பிசிறு இல்ல. அது வாயால சொல்ற வரைக்கும் நாமளும் கேக்க வாணாம்னு சோறு கட்டிக் குடுத்துகினு இருந்தேன். வேற கம்பெனிங்கள்ல கேட்டுகினுதான் இருந்துச்சு. இப்ப தெருவே படிச்சிட்டு, இது அதோட கதைதான்னு பேசுது. ரெண்டு நாளா வெளிய போவாம ஊட்லயே மூஞ்சத் திருப்பிகினு படுத்துகினு கீது."

என் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த மாதமே அவர்கள் வீட்டைக் காலி செய்துவிட்டார்கள். அதன்பின் நான் வந்தால் தெருக்குழாயடியில் பேச்சு நின்றது. டீக்கடையில் ஒருவர், "பாத்துப் பேசு, கதையா எய்திருவாரு" என்று என் காதுபடவே சொன்னார். எனக்கும் என் மேல் நம்பிக்கை போய்விட்டது. ஏரிக்கரையில் ஏதோ ஒரு காலை, மடியில் டிபன் பாக்ஸோடு ஒரு முதுகைப் பார்த்தேனா? பார்த்ததை மறந்துவிட்டுக் கற்பனை என்று எழுதினேனா? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

பிறகு நான் எழுதிய கதைகளில் பக்கத்து வீடே கிடையாது. பார்க்காத ஊர்களையும் என்றோ வாழ்ந்த மனிதர்களையும் எழுதினேன். புத்தகங்கள் வந்தன, ஒரு பரிசுகூட வந்தது. பரிசளிப்பு மேடையில் உட்கார்ந்திருந்தபோதும் கடைசி வரிசையில் யார் யார் இருக்கிறார்கள் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன வருடம் ஒரு பெண் போன் செய்தார். ஐடி வேலை பார்த்துக்கொண்டே நண்பர்களோடு சேர்ந்து பதிப்பகம் நடத்துகிறாராம். என் கதைகளில் தேர்ந்தெடுத்து ஒரு தொகுப்புப் போடவேண்டும் என்றார். "அந்த ஸ்டேஷன் கதை கண்டிப்பா வேணும் சார்."

அதை நான் எந்தத் தொகுப்பிலும் சேர்த்ததில்லை. இவருக்கு எப்படித் தெரியும்? யார் சொல்லி அனுப்பியது? பழைய பத்திரிகைக் கட்டில் படித்ததாகச் சொன்னார். நான் நம்பவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று ஒரு மாதம் இழுத்தடித்தேன். அவரும் விடவில்லை. கடைசியில், சம்பந்தப்பட்டவரையே கேட்டுவிடலாம் என்று தோன்றியது. மேனாம்பேட்டுப் பழைய ஆள் ஒருவரிடம் விசாரித்தேன். நெமிலிச்சேரி ஸ்டேஷன் பக்கம் இருப்பதாகச் சொன்னார். ரயில் ஏறினேன்.

கதவைத் திறந்தது அவர் மனைவி. பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார், சிரிக்கவில்லை. உள்ளே அவர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்து, பாதியாக இளைத்திருந்தார். வந்த விஷயத்தைச் சொன்னேன்.

"போட்டுக்க. எனுக்கு இன்னா? அப்பால ஒரு கம்பெனில சேந்து ரிட்டயரும் ஆயிட்டேன். எம் மருமவன்கிட்டகூட சொல்லிக்கீறேன், என்ன வச்சி ஒருத்தரு கதை எய்தினாருன்னு." பிறகு டிவியின் சத்தத்தைக் குறைத்தார். "இப்பவாச்சும் உண்மையச் சொல்லு. பின்னாடி வந்தே தானே?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "பாத்திருப்பேன் போல" என்று வந்துவிட்டது.

"அப்பவே சொன்னேன்ல!" என்று மனைவியைப் பார்த்துக் கத்தினார். அவ்வளவு சந்தோஷம் அவர் முகத்தில். அந்த அம்மா மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பொய் சொல்கிறேனா என்று அவருக்கும் சந்தேகம். எனக்கே தெரியாததை அவருக்கு எப்படிச் சொல்வது?

காபி கொடுத்தார்கள். ஸ்டேஷன் வரை அவர் கூடவே நடந்து வந்தார். என் மற்றப் புத்தகங்களையும் நூலகத்தில் எடுத்துப் படித்தாராம்.

"ஒண்ணும் சரியில்ல, அண்ணாத்தே" என்றார். "ஒருத்தனையும் நீ பாத்த மாதிரியே இல்ல."