பதினான்கு ஓக்னியான்கள்

பல்கேரியாவில் எங்கள் சின்ன ஊரான செவ்லியெவோவில் கம்ப்யூட்டர் கெட்டுப்போனால் ஓக்னியானைத்தான் கூப்பிடுவார்கள். கூப்பிட்ட பிறகு ஏன்டா கூப்பிட்டோம் என்று தலையில் அடித்துக்கொள்வார்கள். மனிதர் அவசரப்படவே மாட்டார். முப்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் லைன் பார்த்தவர், கோளாறு எங்கே என்று தெரியாமல் கை வைக்க மாட்டார். திரையில் வருகிற ஒவ்வொரு வரியையும் சத்தமாகப் படிப்பார், அடுப்பில் பால் பொங்கினாலும் படித்து முடித்துவிட்டுத்தான் திரும்புவார். சட்டைப் பையில் ஒரு நீல நோட்டு உண்டு. எது கெட்டது, ஏன் கெட்டது, என்ன செய்தது என்று மூன்று கட்டம் போட்டு எழுதி வைப்பார்.

"எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசாப் போட்டுக் குடுங்க" என்று யாராவது சொன்னால் போச்சு. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார். அழிப்பது ரிப்பேர் இல்லையாம், தோற்றுவிட்டு ஓடுவதாம். எனக்கே நூறு தடவை சொல்லியிருக்கிறார்.

பஸ் ஸ்டாண்டை ஒட்டி இருக்கிற ஜெராக்ஸ் கடை என்னுடையது. ஜெராக்ஸ் என்று பெயர்தான், சோறு போடுவது அஞ்சலி நோட்டீஸ். எங்கள் ஊரில் செத்தவர்கள் அவ்வளவு சுலபமாகப் போய்விட முடியாது. செத்த அன்றைக்கு வீட்டுக் கதவில், மரத்தில், பஸ் நிறுத்தத்தில் படம் போட்ட நோட்டீஸ் ஒட்டுவார்கள். அப்புறம் நாற்பதாம் நாள், ஆறாம் மாசம், ஒரு வருஷம் என்று ஒவ்வொன்றுக்கும் புது நோட்டீஸ். அதனால் நான் எதையும் அழிப்பதில்லை. பதினோரு வருஷமாக ஊரில் செத்தவர்கள் எல்லாரும் என் மேஜைமேல் இருக்கிற கம்ப்யூட்டரில்தான் இருக்கிறார்கள். நகராட்சி வேண்டாமென்று தள்ளிய பழைய பெட்டி அது. ஓக்னியான்தான் லினக்ஸ் போட்டு உயிர் கொடுத்துக் கொண்டுவந்து வைத்தார்.

அன்றிலிருந்து தினமும் பத்து மணிக்கு வருவார், கையில் ஒரு பனிட்சா. சீஸ் வைத்த அந்த மடிப்பு ரொட்டியை நான் இரண்டாக வெட்டுவேன். பெரிய துண்டை நான் எடுத்துக்கொண்டேன் என்று பதினோரு வருஷமாகப் புகார். அவர் மனைவி ஸ்பெயினுக்கு வேலைக்குப் போய், அங்கேயே வேறொருவரோடு தங்கி, விவாகரத்துக் காகிதத்தைத் தபாலில் அனுப்பியவள். நான் கல்யாணமே வேண்டாமென்று, கல்யாணம் எழுதுகிற நகராட்சி ஆபீஸ் வாசலையே மிதிக்காதவள். எங்களுக்குள் பனிட்சாவைத் தாண்டி ஒரு பேச்சும் கிடையாது.

போன குளிர்காலத்தில் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. பெரிய ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு வாரம் நினைவில்லை, பிழைப்பது கஷ்டம் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். அந்த மனுஷனுக்கு நோட்டீஸ் அடிக்கக்கூட ஆள் இல்லையே என்று எனக்கு வயிறு எரிந்தது. அன்று மத்தியானமே உட்கார்ந்து அவருக்கு ஒரு நோட்டீஸ் செய்தேன். அழுதுகொண்டே செய்ததால் சரியாக வரவில்லை. மறுநாள் இன்னொன்று. இப்படிப் பதினான்கு நாளில் பதினான்கு. பெரிய பெரிய படங்களை அடுக்கடுக்காக வைத்து, எதையும் கலைக்காமல் அப்படி அப்படியே சேமித்தேன். அடியில் யார் துயரப்படுகிறார்கள் என்று போட வேண்டும் அல்லவா, முதல் நாள் 'நண்பர்கள்' என்று போட்டேன். நாலாம் நாள் என் பெயரைச் சேர்த்து 'தோழி ருமியானா'. பதினான்காம் நாள் 'மனைவி ருமியானா' என்று போட்டுவிட்டேன்.

பதினைந்தாம் நாள் மகராசன் கண்ணைத் திறந்து காபி கேட்டாராம். அப்போதே அதையெல்லாம் அழித்திருக்கலாம். என் கையால் அழித்தால் ஆளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம், விட்டுவிட்டேன்.

போன மே மாசம் ஒரு சனிக்கிழமை காலை, அப்டேட் போடட்டுமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. போட்டுத் தொலை என்று அழுத்தினேன். நடுவில் என்னவோ ஒரு எச்சரிக்கை வந்தது, படிக்காமல் மூடினேன். அணைத்துப் போட்டால் பாஸ்வேர்டு கேட்டது. கொடுத்தேன். திரை ஒரு கணம் இருண்டு, திரும்பப் பாஸ்வேர்டே கேட்டது. எத்தனை தடவை கொடுத்தாலும் உள்ளே விடவில்லை.

அந்த நேரம் பார்த்துப் பென்கா அக்கா வந்து உட்கார்ந்தாள். கசாப்புக்கடை வெல்கோவின் பெண்டாட்டி. அவர் போய் ஆறு மாசம். மறுநாள் சொந்தக்காரர்கள் கல்லறைக்கு வருகிறார்கள், பன்னிரண்டு மணி பஸ்ஸில் நோட்டீஸோடு கிராமத்துக்குப் போயாக வேண்டும். அவருடைய ஒரே நல்ல படமும் அந்தப் பெட்டிக்குள்தான்.

பத்து மணிக்கு ஓக்னியான் பனிட்சாவோடு வந்தார். பார்த்தார். மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினார். படமெல்லாம் போய் வெறும் கருப்புத் திரையில் வெள்ளை எழுத்து வந்தது. அங்கே பாஸ்வேர்டு கொடுத்ததும் உள்ளே விட்டது. ஏதோ தட்டிவிட்டு, "டிஸ்க் நூறு சதவீதம் நிறைஞ்சிருக்கு" என்று படித்தார். இடமில்லாததால் அப்டேட் பாதியில் நின்றிருக்கிறது, இடமில்லாததால்தான் உள்ளேயும் விட மாட்டேன் என்கிறது. எது இடத்தை அடைக்கிறது என்று பார்த்தால் முடிந்தது என்றார்.

அந்தப் பதினான்கும் எனக்கு ஞாபகம் வந்தது. மனிதர் எதையும் மனசுக்குள் படிக்க மாட்டாரே.

"பார்க்க வேணாம். எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசாப் போட்டுடுங்க" என்றேன்.

கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். பதினோரு வருஷத்தில் அப்படிப் பார்த்ததில்லை. "பதினோரு வருஷத்து ஊர்ச் சனத்தையும் அழிச்சிடச் சொல்றீங்களா? பென்கா அக்கா எதிர்ல உக்காந்திருக்கறப்பவே சொல்றீங்களா?"

பென்கா அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. வெல்கோவின் படத்தை அழிக்க ஒருத்தி துணிவாளா என்று கேட்டாள். "நான் சரி பண்ணிடுவேன்னு நம்பிக்கை போச்சா, ருமியானா?" என்று அவர் தாழ்ந்த குரலில் கேட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. என் மானம் போனால் போகிறது, அந்த முகம் அப்படி வாடக் கூடாது.

"பாருங்க. பார்த்துத் தொலைங்க" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பெரிய கோப்புகளை வரிசைப்படுத்திப் படித்தார். "ஓக்னியான் ஒண்ணு. ஓக்னியான் ரெண்டு. ஓக்னியான் மூணு." ஒன்பதுவரை படித்தார். அதற்குப் பிறகு, நான் அறிந்த நாளில் முதல் தடவையாக, வாய்க்குள் படித்தார்.

"இது எந்த ஓக்னியான்? நம்ம ஊர்ல இன்னொருத்தர் போயிட்டாரா?" என்று பென்கா அக்கா விசாரித்தாள்.

"போகப் பார்த்தாரு அக்கா, முடியல" என்றார் இவர்.

பதினான்கில் பதிமூன்றை அழித்தார். பாதியில் நின்ற அப்டேட்டை முடிக்க வைத்தார். ஒரு தடவை அணைத்துப் போட்டதும், பாஸ்வேர்டு வாங்கிக்கொண்டு நல்ல பிள்ளையாக உள்ளே விட்டது. பதினொன்றரைக்கு வெல்கோ, மீசையும் சிரிப்புமாகப் பிரிண்டரிலிருந்து இருபது பிரதி வெளியே வந்தார். பென்கா அக்கா ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்துப் பைக்குள் வைத்தாள். என்னை மன்னித்தாளா என்று தெரியவில்லை, கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

கடையில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் சுத்தமாக இருந்த மேஜையையே துடைத்துக்கொண்டிருந்தேன். மிச்சம் வைத்திருந்த பதினான்காவதை அவர் திறந்தார். அதில் அவர் சிரித்துக்கொண்டு, கையில் பனிட்சாவோடு இருப்பார், என் போனில் எடுத்த படம். கீழே, 'இவர் எதையும் தூக்கிப் போட்டதில்லை. இவர் இல்லாமல் எனக்குப் பத்து மணி ஆவதில்லை' என்று எழுதியிருந்தேன். அதற்கும் கீழே அந்த 'மனைவி ருமியானா'.

ரொம்ப நேரம் படித்தார். அவ்வளவு நேரம் படிக்க அதில் ஒன்றுமே இல்லை. அப்புறம் நோட்டை எடுத்து எழுதி என் பக்கம் தள்ளினார். எது கெட்டது: உள்ளே விடவில்லை. ஏன் கெட்டது: நான். மூன்றாவது கட்டம் காலியாக இருந்தது.

"அதை ஏன் எழுதல? பதிமூணை அழிச்சீங்கல்ல?" என்றேன்.

"வேலை இன்னும் முடியலயே. நோட்டீஸ்ல ஒரு தப்பு இருக்கு."

"தெரியும். அதையும் அழிச்சிடுங்க."

"நோட்டீஸைத் தொட வேணாம். திங்கட்கிழமை நகராட்சி ஆபீஸ் திறந்ததும் போய் மத்ததைச் சரி பண்ணிக்கலாம். நீங்க கூட வரணும், தனியாப் போனா எழுதிக்க மாட்டாங்க."

மேஜை துடைத்த துணியாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டேன். பனிட்சா ஆறிப்போயிருந்தது. வெட்டி, பெரிய துண்டை அவருக்கு வைத்தேன்.